கழற்றப்படும் சிலுவையும் அணியப்படும் சிலுவையும்: முட்டத்தை முன்வைத்துக் கோத்திக் உடைப் பண்பாடு குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மேலைநாட்டுக் கோத்திக் துணைப்பண்பாடு வழக்கொழிந்த துக்க உடையிலிருந்து தன் உடையைப் பெற்றது. துக்கமும் அச்சமும் வழக்கில் இருக்கும் இடங்களில் அவ்வுடை நாகரிகமாக மாறுவதில்லை. குமரி மாவட்டத்து முட்டம், பத்மநாபபுரம், கள்ளியங்காடு ஆகிய மூன்று இடங்களையும், அவற்றோடு தொடர்புடைய திரைப்படங்களையும் கதைமரபையும் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்த் திரையின் வெள்ளைப் புடைவைப் பேய் நீலி மரபின் தொடர்ச்சி என்னும் பரவலான கருத்தையும் மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: கோத்திக், துக்க உடை, நீலி, இசக்கி, முட்டம், தமிழ்த் திரைப்படம்

இரு கடற்கரைகள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் விட்பி என்னும் மீன்பிடி ஊர் உள்ளது. பாறைமுகடு, அதன்மேல் பழைய தேவாலயம், கல்லறைத் தோட்டம், கீழே படகுத்துறை என அமைந்த ஊர் அது. 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' புதினத்தில் இரத்தம் குடிக்கும் பிரபு இங்கிலாந்தில் கரையேறும் இடமும் அதுவே. 1994 முதல் கறுப்பு உடையும் வெளிறிய முகப்பூச்சும் வெள்ளிச் சிலுவைகளும் அணிந்த கோத்திக் இளைஞர்கள் அங்கே விழாவாகக் கூடிவருகின்றனர்.

முட்டமும் ஏறத்தாழ இதே உறுப்புகளைக் கொண்ட ஊர். கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறைகள், கலங்கரை விளக்கம், மீனவக் கத்தோலிக்கரின் ஆலயம், கல்லறைத் தோட்டம், கட்டுமரமும் வள்ளமும் ஏறிய கரை என எதற்கும் குறைவில்லை. நிலத்தோற்றம் மட்டுமே கோத்திக் உணர்வை உண்டாக்கும் என்றால், தமிழ்நாட்டின் விட்பி முட்டமாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் தமிழர் நினைவில் முட்டம் பேய்களின் ஊராக அன்றிக் காதலரின் ஊராகவே பதிந்துள்ளது. பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) ஆகிய படங்களுக்குப் பின் அவ்வூரின் பெயரைக் கேட்டதும் மனத்தில் எழுவது காதற்காட்சியே.

இயக்குநரின் மனப்போக்கை இதற்குக் காரணமாகக் கூற இயலாது. 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தை எடுத்தவரும் அவரே. தனித்த மாளிகை, கொலையுண்ட பெண்களின் உடல்கள் புதையுண்ட ரோஜாத் தோட்டம், மனநோயின் மரபு எனக் கோத்திக் புனைவின் கூறுகள் பலவும் அப்படத்தில் உண்டு. அக்கூறுகளை அவர் நகரத்துச் செல்வனின் மாளிகைக்குள் வைத்தார். கல்லறையும் ஆலயமும் கைக்கெட்டும் தொலைவில் இருந்த முட்டத்திற்கு அவற்றைக் கொண்டுவரவில்லை. இந்தத் தேர்வு விளக்கம் வேண்டி நிற்கிறது.

துக்கம் நாகரிகமாதல்

கோத்திக் என்னும் சொல் இலக்கியத்திற்கு வந்தது ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ராண்டோ கோட்டை' (1764) வழியாக. உடைப் பண்பாடாக அது உருக்கொண்டதோ மிகப் பிற்காலத்தில். 1979இல் பவ்ஹவுஸ் இசைக்குழு வெளியிட்ட, திரை டிராகுலாவான பெலா லுகோசியின் இறப்பைப் பேசும் பாடலும், 1982இல் லண்டன் சோஹோவில் தொடங்கிய பேட்கேவ் என்னும் இரவு விடுதியும் அதன் தொடக்க அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. அதன்பின் அது பலமுறை மறைந்து மீண்டுள்ளது. 2022இல் 'வெட்னஸ்டே' தொடருக்குப் பின் பள்ளிச் சிறுமியரும் கறுப்புச் சட்டையையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையையும் நாடியது அண்மைய அலை.

இவ்வுடையின் மூலம் விக்டோரியா காலத்துத் துக்க உடை. 1861இல் கணவர் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா அரசி இறுதிவரை கறுப்பே உடுத்தினார். துக்கத்தின் கால அளவு, துணியின் வகை, அணிகலனின் நிறம் ஆகியவை அக்காலத்தில் வரையறுக்கப்பட்டிருந்தன. துக்கம் காப்போர் அணியத் தகுந்ததாகக் கருதப்பட்ட ஜெட் என்னும் கறுப்புக் கல் விட்பியின் கரைப்பாறைகளில் கிடைத்தது; அதைச் செதுக்கும் தொழிலால் அவ்வூர் செழித்தது. முதல் உலகப் போரை ஒட்டி இக்கடுமையான துக்க ஒழுங்கு தளர்ந்து மறைந்தது. கணவனை இழந்த பெண் ஆண்டுக்கணக்கில் கறுப்பு உடுத்தியே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் போன பிறகுதான், எவரையும் இழக்காத இளம்பெண் அதை விரும்பி உடுத்த முடிந்தது. விட்பியின் மடாலயத்திற்கும் இது பொருந்தும். 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மூடப்பட்டு இடிபாடான மடாலயம் அது. அங்கே வழிபாடு இல்லாமையால்தான் அது அலங்காரப் பின்புலமாக அமைகிறது.

முட்டத்தின் ஆலயம் இடிபாடன்று. அதன் மணி ஒலிக்கிறது. அதன் கல்லறைகளுக்கு ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, குடும்பத்தார் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு வருகின்றனர். இறந்தோர் இன்னும் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கும் நிலை அது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரிக் கரையின் மீனவர் பலர் கடலிலேயே மாண்டனர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. உடல் அடக்கம் பெறாத அவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு மேடும் இல்லை. இத்தகைய கரையில் துக்கத்தின் குறியை அழகுக்காக அணிதல் என்னும் எண்ணமே எழ வழியில்லை. இதை அறநெறித் தடையாகக் கொள்ள வேண்டியதில்லை. பொருள் இன்னும் காலியாகவில்லை என்பதே செய்தி.

'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் இறுதியை இங்கே நினைவுகூரலாம். கிறித்தவப் பெண்ணான மேரி தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றுகிறாள்; பிராமண இளைஞனான விச்சு தன் பூணூலை நீக்குகிறான். படத்தின் உச்சம் உடலில் அணிந்த ஒரு பொருளை அகற்றுவதில் அமைகிறது. சிலுவை அங்கே ஊரையும் உறவையும் அதிகாரத்தையும் தாங்கி நிற்கிறது; ஆதலால் அதைக் கழற்றுவது நாடகமாகிறது. கோத்திக் உடையிலோ சிலுவையை அணிவதே நாடகம். ஒரே அணிகலன் ஓரிடத்தில் கழற்றப்படும்போதும் மற்றோரிடத்தில் அணியப்படும்போதும் பொருள் பெறுகிறது. படத்தின் காதல் மிகைப்பட்டது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் முட்டத்தில் எது உயிருள்ளது, எது அற்றது என்பதை அக்காட்சி பிழையின்றி அறிந்திருந்தது.

பத்மநாபபுரம் என்னும் மாற்றுச் சான்று

இதே மாவட்டத்தில் கோத்திக் புனைவுக்கு இடமளித்த கட்டடம் ஒன்று உண்டு. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தின் அரண்மனை அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956இல் குமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னும் கேரள அரசின் பொறுப்பிலேயே அரண்மனை நீடிக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் மற்றொரு மாநிலத்தின் அருங்காட்சியகமாக நிற்கும் அது, ஆள்வோர் அற்ற வீடு என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தின் காட்சிகள் சில அங்கே எடுக்கப்பட்டன. பூட்டிய அறை, கொலையுண்ட தஞ்சாவூர் நாட்டியப் பெண் நாகவல்லி, அவளாகவே மாறும் இளம் மனைவி என அமைந்த அக்கதை, 2005இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்து பெருவெற்றி பெற்றது.

இக்கதையில் பேய் என ஒன்று இல்லை, நோய் உண்டு. அந்நோய் வெளிப்படுவது உடையால். இறந்தவளின் பட்டையும் நகைகளையும் உயிரோடிருப்பவள் அணிந்துகொள்வதே அதன் அறிகுறி. கோத்திக் துணைப்பண்பாட்டின் செயலைத் தமிழ்த்திரை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் காட்டவில்லை. காட்டியதோடு அதற்கு மருத்துவமும் செய்துவிட்டது.

வெள்ளையின் வரலாறு

தமிழில் கறுப்பு, கோத்திக் நாகரிகத்திற்குக் கிடைக்கவில்லை. அதற்கு வேறு உரிமையாளர்கள் இருந்தனர். திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டை, சமூக இழிவின் துக்கக் குறியாக 1940களிலேயே தெருவுக்கு வந்துவிட்டது. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார். கார்த்திகை பிறந்தால் அதே கறுப்பு ஐயப்ப பக்தரின் விரத உடையாகிறது. கடவுள் மறுப்புக்கும் மலையேற்றத்திற்கும் இடையே ஒரு நிறம் பங்கிடப்பட்ட நாட்டில், மூன்றாம் பொருளுக்கு இடம் சிறிது. மெட்டல் இசை ரசிகர்களின் கறுப்புச் சட்டை பெருநகர எல்லைக்குள் நின்றுவிட்டது.

தமிழ்ச் சமூகத்தின் பெரும்பகுதியில் கணவனை இழந்தவளின் உடை வெள்ளை. திரைப்பேயின் உடையும் வெள்ளையே. பூவும் பொட்டும் இல்லை, கூந்தல் அவிழ்ந்திருக்கும். 'வோ கௌன் தீ' (1964) என்னும் இந்திப் படத்தின் தமிழாக்கமான 'யார் நீ?' (1966) இவ்வுருவைத் தமிழில் நிலைப்படுத்திய படங்களுள் ஒன்று. பேய் எனக் காட்டப்பட்டது இறுதியில் மனிதச் சூழ்ச்சியாக முடிந்தாலும் வெள்ளைப் புடைவை மனத்தில் தங்கிவிட்டது.

இவ்வுருவை நீலியின் தொடர்ச்சி என்று கூறும் வழக்கம் ஆய்வுக் கட்டுரைகளில் வேரூன்றியுள்ளது. கதையை நோக்கினால் இக்கூற்று நிற்காது. பழையனூர் நீலியாயினும், நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் பாடப்படும் கள்ளியங்காட்டு நீலியாயினும், அவள் வெள்ளுடுத்த கைம்பெண்ணாக வருவதில்லை. தன்னைக் கொன்றவன் மறுபிறப்பில் வணிகனாக வரும்போது, அவள் அணிகள் பூண்ட மனைவியாக, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரார் முன் வழக்குரைக்க வருகிறாள். சுமங்கலிக் கோலமே அவளுடைய படைக்கலன். சபை அவளை நம்புவதற்கும் அதுவே காரணம். இசக்கியாக வழிபடப்படும்போதும் அவளுக்குச் சாற்றுவது செம்பட்டும் வளையலும் பூவும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் பிள்ளைவரம் வேண்டுவோர் தொட்டில் கட்டுகின்றனர். அச்சத்திற்குரியவளுக்குக் கொடையும் படையலும் நடைபெறும் இடத்தில் அவள் தெய்வம். அவள் கோலத்தைப் பூணும் உரிமை சாமியாடிக்கு மட்டுமே உண்டு.

எனவே திரையின் வெள்ளைப் பேய் நீலியிடமிருந்து வரவில்லை. அடுத்த வீட்டுத் திண்ணையின் மூலையிலிருந்து வந்தது. மங்கல நிகழ்வுகளில் எதிரே வரக்கூடாதவள் என ஒதுக்கப்பட்ட கைம்பெண்ணையே அது இரவில் எதிரே நிறுத்தியது. பேயை நீலியென்று பெயரிட்டு மரபுப் பெருமை சேர்க்கும் ஆய்வு, அக்கைம்பெண்ணை மீண்டும் ஒருமுறை மறைத்துவிடுகிறது. குமரி எல்லையில் இது கூடுதல் கவனம் பெறத்தக்கது. அங்கே கரையிட்ட வெள்ளை முண்டும் நேரியதும் திருநாளின் உடை. வெள்ளை தன்னளவில் துக்கமன்று. பாரதிராஜாவின் பாடற்காட்சிகளில் வெள்ளுடை தேவதைகளுக்கு உரியது. நிறம் அஞ்சத்தக்கதாவது அதை உடுத்தக் கட்டாயப்படுத்தப்பட்டவளால் மட்டுமே.

கைம்பெண்ணுக்கு வெள்ளை கட்டாயம் என்னும் வழக்கம் அண்மைப் பத்தாண்டுகளில் பெரிதும் தளர்ந்துள்ளது. பேய்ப்படங்களின் போக்கு மாறியதும் இக்காலத்திலேயே. 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) எனத் தொடர்ந்த அலையில் பேய் நகைச்சுவையின் கருவியாயிற்று. 'காஞ்சனா'வில் அநீதிக்கு ஆளாகிப் பழிதீர்க்க வரும் திருநங்கையின் உடை சிவப்புப் புடைவை. நீலியின் நிறமும் வழக்குரைப்பும் திரைக்கு மீண்டது இங்கேதான் எனலாம். வெள்ளைப் புடைவைப் படங்களில் தேடியோர் இடம் மாறித் தேடினர். மிஷ்கினின் 'பிசாசு' (2014) பேயை இரக்கத்திற்குரியதாக்கியது. இவற்றைச் சந்தைச் சுழற்சி என்று மட்டும் விளக்குவது போதாது. ஒரு கொடிய வழக்கம் வலுவிழக்கும்போது அதன் உடை கேலிக்கும் விளையாட்டுக்கும் உரியதாகிறது. விக்டோரியா காலக் கறுப்புக்கு நேர்ந்ததும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: வெள்ளைப் புடைவையும் அவிழ்ந்த கூந்தலும் இன்னும் இளம்பெண்களின் விருப்ப உடையாகவில்லை. அவ்வுடையைக் கட்டாயமாக உடுத்திய பாட்டிமார் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றனர்.

கள்ளியங்காட்டிலிருந்து பெங்களூருக்கு

நாகர்கோவிலை அடுத்த பார்வதிபுரத்தை ஒட்டியது கள்ளியங்காடு. 2025 ஆகஸ்டில் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளப் படம் அவ்விடத்து நீலியை இன்றைய நாயகியாக்கியது. கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற சந்திரா என்னும் பாத்திரம், பெங்களூரில் இரவுநேர உணவகத்தில் பணிபுரியும் இளம்பெண். இரத்தம் அவளுக்கு உணவு. உடையோ நகரத்து இளைஞருக்குரியது. ஸ்டோக்கரின் பிரபுவுக்கும் சோஹோவின் இரவு விடுதிக்கும் உரிய சாயலை நாஞ்சில் நாட்டு யட்சி முதன்முறையாக முழுமையாக ஏற்றது இங்கேதான் என்று கூறலாம். அதற்கு அவளைக் கள்ளிச்செடியிலிருந்தும் கொடையிலிருந்தும் பிரித்து, அவளை அறியாத ஒரு நகரத்தில் குடியமர்த்த வேண்டியிருந்தது.

நாஞ்சில் நாட்டில் இசக்கியம்மன் கொடை தொடர்கிறது. வில்லின் மணி ஒலிக்க, கணியான் அல்லாத புலவர் நீலியின் வழக்கை விடியவிடியப் பாடுகிறார். கேட்டிருக்கும் பெண்கள் படைப்பதற்குக் கொண்டுவந்த பட்டு சிவப்பு.