பண்ணையும் விளையாட்டும்: சந்தாவழிக் கணினி ஆட்டத்தில் ஓய்வுவேளை ஆட்டக்காரர்

கலை இலக்கியங்களின் தோற்றத்தை மனித உழைப்போடு தொடர்புபடுத்தி நோக்குவது மார்க்சியத் திறனாய்வின் அடிப்படைகளுள் ஒன்று. கூட்டுழைப்பின் தாளத்திலிருந்து கவிதை கிளைத்த வரலாற்றை ஜோர்ஜ் தொம்சன் விளக்கினார். பேர்மிங்ஹாமில் அவரிடம் ஆய்வு செய்த கைலாசபதியும் சிவத்தம்பியும் அந்நோக்கினைத் தமிழாய்வுக்கு உரியதாக்கினர். எனினும் கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றுக்குக் கிடைத்த கவனம் நம் காலத்து வெகுசன வடிவங்களுள் ஒன்றான கணினி விளையாட்டுக்குக் கிடைத்ததாகக் கூறமுடியாது. முற்போக்காளருட் பலர் அதனைச் சிறுவர் கேளிக்கை என்றோ, வாழ்விலிருந்து தப்பியோடும் மனப்பாங்கு என்றோ ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். இவ்வொதுக்கல் தகுமா என்பதை, மாதச் சந்தா செலுத்திப் பலர் கூடியாடும் இணையவழி ஆட்டமொன்றினை முன்வைத்துப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாமும் அவ்வாட்டத்தை ஆடுபவரே என்பதை முதலிற் கூறிவிடுதல் நேர்மை. கலகெதரவில், கண்டி - குருணாகல் வீதியில் பஸ் ஓசை அடங்கியபின், திருத்தவேண்டிய விடைத்தாள்களை ஒருபுறம் வைத்துவிட்டு வாரத்தில் இரண்டு இரவுகள் ஆடுகின்றோம். அவ்வுலகில் இத்தகையோரைக் 'கஷுவல்' என்பர். ஓய்வுவேளை ஆட்டக்காரர் என நாம் வழங்கலாம். அச்சொல்லில் சிறிது இளக்காரமும் உண்டு. முழுமையாக ஆடாதவர், ஆழமறியாதவர் என்பது அதன் உட்பொருள். அவ்விளக்காரம் எங்கிருந்து வருகின்றது என்பதே நமது முதல் வினா.

1

1997இல் வெளிவந்த அல்டிமா ஒன்லைன், 1999இல் வந்த எவர்குவெஸ்ட் ஆகியன சந்தாமுறையை நிலைநிறுத்திய ஆட்டங்களுள் முக்கியமானவை. 2004 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் அம்முறையின் உச்சமாயிற்று. 2010இல் அதன் சந்தாதாரர் தொகை 1 கோடி 20 இலட்சத்தைத் தாண்டியது. தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் மாதக் கட்டணம் 14.99 டொலர், 2024இலும் அதுவே.

ஒரு நூலை வாங்குபவர் அதனைத் தமதாக்கிக்கொள்கின்றார். பத்தாண்டு கழித்தும் அலுமாரியிலிருந்து எடுத்து வாசிக்கலாம். சந்தா ஆட்டத்தில் வாங்கப்படுவது பொருளன்று. நுழைந்திருக்கும் உரிமை மட்டுமே. ஆட்டக்காரர் வளர்த்தெடுத்த பாத்திரமும், தேடிய ஆயுதமும், கூட்டிய குழுவும் நிறுவனத்தின் சேவர்களிலேயே உள்ளன. 2012 நவம்பரில் சிற்றி ஒஃப் ஹீரோஸ் என்ற ஆட்டம் மூடப்பட்டபோது அங்கு எட்டாண்டு வாழ்ந்தோரின் ஆக்கமெல்லாம் ஒரே நாளில் மறைந்தன. எனவே சந்தா என்பதனை விலை என்பதினும் வாடகை என்பதே பொருந்தும்.

இவ்வாடகை எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் பொழுது எல்லார்க்கும் ஒன்றன்று. 2024இல் ஒரு டொலர் ஏறத்தாழ 300 ரூபாவாக இருந்தது. ஆகவே மாத வாடகை ஏறக்குறைய 4,500 ரூபா. அவ்வாண்டு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி, ஒரு தோட்டத் தொழிலாளியின் மூன்று நாள் உழைப்பினும் இது மிகுதி. மாதத்தில் 80 மணிநேரம் ஆடுபவருக்கு ஒரு மணிக்கு 56 ரூபா செலவாகின்றது. 16 மணிநேரம் மட்டும் ஆடக்கூடியவருக்கு 281 ரூபா. குறைந்த ஓய்வுடையவரே ஒவ்வொரு மணிக்கும் ஐந்துமடங்கு செலுத்துகின்றார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாள்களில், நாம் மெழுகுவர்த்தியின் முன் அமர்ந்திருக்க, வாடகைக் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ரூபா வீழ வீழ அவ்வாடகையும் உயர்ந்தது.

2

வாடகை பற்றிய சிந்தனை நம்மை அயலூருக்கே இட்டுச்செல்கின்றது. கலகெதரவை அடுத்து மடிகே என்ற முஸ்லிம் ஊர் உள்ளது. கண்டி இராச்சியத்தின் போக்குவரத்துப் பிரிவாகிய 'மடிகே பத்த'வின் நினைவை அப்பெயர் தாங்கி நிற்கின்றது. அப்பிரிவிற் சேர்ந்த முஸ்லிம்கள் தவளம் எனப்படும் பொதிமாடுகளில் அரசனின் பொருள்களை ஏற்றிச் சென்றனர். நிலத்தை அனுபவிக்கும் உரிமைக்கு ஈடாக உழைப்பைச் செலுத்தும் இராஜகாரிய முறையின் ஓர் உறுப்பு அது. பிரித்தானியர் 1832இல் அம்முறையை ஒழித்தனர். மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ், உழைப்பாகச் செலுத்தும் வாரம், விளைபொருளாகச் செலுத்தும் வாரம், பணமாகச் செலுத்தும் வாரம் என நிலவாரத்தின் வடிவங்களை வரிசைப்படுத்துவார்.

நாம் ஆராயும் ஆட்டத்தில் இவ்வரிசை தலைகீழாகியுள்ளமை வியப்புக்குரியது. அங்கு பணவாரமே முதலில் வந்தது. 2015இல் நிறுவனம் 'டோக்கன்' என்ற வில்லையை அறிமுகப்படுத்தியது. பணமுள்ளவர் 20 டொலருக்கு அதனை வாங்கி ஆட்டத்தினுள்ளே தங்கத்துக்கு விற்கலாம். பொழுதுள்ளவர் பல மணிநேரம் ஆடிச் சேர்த்த தங்கத்தைக் கொடுத்து அதனைப் பெற்று 30 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். அதாவது ஒருவர் வாடகையை உழைப்பாற் செலுத்த, மற்றொருவர் அவ்வுழைப்பின் பயனைப் பணத்தால் வாங்குகின்றார். நிறுவனத்துக்கோ 14.99 டொலருக்குப் பதிலாக 20 டொலர் கிடைக்கின்றது. இராஜகாரியம் எண்முறை உருவில் மீண்டுள்ளது எனலாம். ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. தவளம் ஓட்டியவர் தாம் செய்வது கடமை என்பதை அறிந்திருந்தார். அதனை விளையாட்டு என எவரும் அவருக்குக் கூறவில்லை.

ஈண்டு ஒரு தமிழ்ச்சொல் நினைவுக்கு வருகின்றது. தொல்காப்பிய உரியியல், 'கெடவரல்', 'பண்ணை' என்னும் இரு சொற்களும் விளையாட்டு என்னும் பொருளன என்கின்றது. பண்ணை என்னுஞ் சொல் வயலையும் குறிக்கும். பிற்காலத்தில் பிறர் உழைக்க ஒருவர் உடைமைகொள்ளும் பெருநிலத்துக்கும் பெயராயிற்று. இன்றைய ஆட்டவுலகில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து தங்கம் திரட்டுவதை 'ஃபாமிங்' என்பர். சீனாவிற் கூலிக்கு ஆளமர்த்தி அவ்வாறு தங்கம் திரட்டி, பிறநாட்டு ஆட்டக்காரருக்கு விற்ற கூடங்கள் 2000களில் பெருகின. விளையாட்டைக் குறித்த சொல்லே உழைப்பின் களத்தையும் குறிக்கும் நிலை தமிழுக்குப் புதிதன்று. புதிது, அவ்விரண்டும் ஒரே திரையில் ஒரே வேளையில் நிகழ்வதே.

3

இப்பொருளியல் ஆட்டத்தின் வடிவத்தினுள்ளும் ஊடுருவியுள்ளது. சான்றாக 'ஓய்வுப் பயன்' என்ற விதியை நோக்கலாம். ஆட்டக்காரர் தம் பாத்திரத்தை ஒரு சத்திரத்தில் விட்டு வெளியேறினால் எட்டு மணிநேரத்துக்கு ஒரு படிநிலையின் 5 சதவீதம் என்ற அளவில் ஓய்வு சேரும். பத்து நாளில் அது உச்சத்தை அடையும். திரும்பி வந்து பகைவரை வீழ்த்தும்போது, சேர்ந்த ஓய்வு தீரும்வரை இருமடங்கு அனுபவப்புள்ளி கிடைக்கும். சோதனைக் காலத்தில் இவ்விதி நீண்டநேரம் ஆடுவோரின் பயனைக் குறைக்கும் தண்டனையாக இருந்ததென்றும், ஆட்டக்காரர் வெறுத்ததால் ஏறத்தாழ அதே கணக்கு வெகுமதியாகப் பெயர்மாற்றம் பெற்றதென்றும் வடிவமைப்பாளர் கூறியுள்ளனர். ஓய்வு என்பது இங்கு உழைப்பாற்றலைப் புதுப்பிக்கும் இடைவேளையாகவே கருதப்படுகின்றது. தொழிற்சாலை முதலாளி ஓய்வை நோக்கும் நோக்கு இதுவேயன்றோ?

இனிக் கூட்டுச்செயலை நோக்குவோம். முதலாண்டுகளில் ஆட்டத்தின் உயர்கட்டப் படையெடுப்புகளுக்கு 40 பேர் ஒரே நேரத்தில் திரளவேண்டியிருந்தது. இரவுணவும் குழந்தையும் மறுநாள் வேலையும் உடையோர் அதிற் பங்குகொள்ளல் அரிது. 2007இல் அத்தொகை 25 ஆயிற்று. 2009இல் நிலவறைகளுக்கும் 2011இல் படையெடுப்புகளுக்கும், அறிமுகமற்றோரை இயந்திரமே ஒன்றுசேர்க்கும் ஏற்பாடு வந்தது. ஓய்வுவேளை ஆட்டக்காரருக்குக் கதவு திறந்தது. ஆனால் விலையும் இருந்தது. முன்பு ஒருவரையொருவர் பெயரறிந்து, காத்திருந்து, பிழைபொறுத்துச் சென்றோரின் இடத்தில், சொல்லொன்றும் பரிமாறாது வேலையை முடித்துப் பிரியும் ஐவர் வந்தனர். பணிமுறை பகுக்கப்பட்டு விரைவாக்கப்படும்போது தோழமை தேய்வதை ஆலைகளிலும் கண்டுள்ளோம். மேலே குறித்த இளக்காரத்தின் ஊற்றும் இதுவே. ஆட்டத்தைத் திறனாகவும் விளைச்சலாகவும் அளக்கும் உலகில், குறைந்த பொழுதுடையவர் குறைந்த திறனுடைய தொழிலாளியாகவே மதிக்கப்படுகின்றார். நிக் யீ 2006இல் எழுதிய ஆய்வொன்றில், இவ்வாட்டங்கள் தம்மை ஆடுவோரை உழைப்புக்குப் பழக்குகின்றன என வாதிட்டமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

4

அவ்வாறாயின் முற்போக்காளரின் ஒதுக்கலே சரியென்று முடிக்கலாமா? முடிக்கவியலாது என்பதே நமது கருத்து. தப்பியோடல் என்னும் குற்றச்சாட்டு, தப்பியோடுபவர் எதனிடமிருந்து ஓடுகின்றார் என்பதை வினவுவதில்லை. அன்றியும், மேற்காட்டியவாறு அவர் ஓடிச்சேரும் இடத்திலும் வாடகையும் வேலையுமே காத்திருக்கின்றன. குற்றம் தப்பியோடுவதில் இல்லை, தப்பமுடியாமையிலேயே உள்ளது.

மறுபுறம், ஓய்வுவேளை ஆட்டக்காரரிடம் ஒன்று எஞ்சியுள்ளது. உச்சப் படிநிலையை எட்டமாட்டோம் என அறிந்தவர் அதனை நோக்கி விரைவதையும் விட்டுவிடுகின்றார். ஏரிக்கரையில் மீன்பிடித்துக்கொண்டு நிற்பார்; வழிதெரியாத புதியவருக்கு ஒரு மணிநேரம் துணைசெல்வார்; பயனற்ற மலையொன்றில் ஏறிப் பார்ப்பார். கணக்கின்படி இவை யாவும் வீண். இவ்வீணிலேயே 'கெடவரல்' எனத் தொல்காப்பியர் குறித்த பொருள் இன்னும் உயிரோடுள்ளது. ஆயினும் இதனைப் புரட்சிகர எதிர்ப்பு எனப் போற்றுவது மிகைப்படுத்தலாகும். ஏரிக்கரையில் நிற்கும் நேரத்துக்கும் வாடகை அறவிடப்படுகின்றது. தனியொருவரின் மெத்தனம் நிறுவனத்தை ஒருபோதும் அசைக்காது.

எனவே நமது திறனாய்வு இரு திசைகளிற் செல்லவேண்டியுள்ளது. ஒன்று, இவ்வாட்டங்களை நாவலைப் போலவே வடிவமும் உள்ளடக்கமும் உற்பத்தியுறவும் இணைந்த ஆக்கங்களாக வாசித்தல். நாவலின் வளர்ச்சியைச் சமுதாய மாற்றத்தோடு இணைத்துக் காட்டிய கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) அதற்கு வழிகாட்டத்தக்கது. மற்றது, ஓய்வுநேரத்தை அரசியற் பிரச்சினையாக மீண்டும் எழுப்புதல். சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனை வேலைநாளின் குறுக்கமே என்பது மார்க்ஸின் முடிவு. எட்டு மணிநேர வேலைக்காகப் போராடிய இயக்கம் எஞ்சிய பொழுதில் மனிதர் என்ன செய்வர் என்பதை ஏளனமாக நோக்கியதில்லை. அப்பொழுது அவர்களுக்கே உரியதாக இருக்கவேண்டும் என்றே அது கோரியது. இன்று அப்பொழுதினுள்ளும் வாடகை அறவிடப்படும் நிலையில், ஆடுபவரைக் கண்டிப்பதை விடுத்து அறவிடுபவரை ஆராய்வதே முற்போக்குத் திறனாய்வின் கடமையாகும்.