அழுகையும் வெகுளியும்: ‘மை சிஸ்டர்ஸ் கீப்பர்’ நாவலைப் பற்றிய பதின்பருவ வாசகர் கருத்துகள்

முன்னுரை

கொடிய நோயையும் குடும்பத்தையும் பொருளாகக் கொண்ட ஒரு நாவலைப் படித்து முடித்த பதின்பருவத்தினரிடம் கருத்துக் கேட்டால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் விடை ‘அழுதுவிட்டேன்’ என்பதே. திறனாய்வாளர் இதனை ஒரு கருத்தாக எண்ணுவதில்லை. நூலின் பின்னட்டைக்கு உதவும் சொல்லாகவோ, பயிற்சி பெறாத வாசிப்பின் அடையாளமாகவோ கொண்டு கடந்து சென்றுவிடுவர்.

தமிழ் இலக்கணமரபு அழுகையை இவ்வளவு எளிதாகக் கடந்து சென்றதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அதனை வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என அது தோன்றும் நிலைக்களன்கள் நான்கினையும் வகுத்துள்ளது. பிறரால் எளிமைப்படுத்தப்படுதல் இளிவு, இழத்தல் இழவு, முன்னைய நிலை கெட்டுத் தளர்தல் அசைவு, துய்க்க இயலாத நிலை வறுமை. ஆகவே, ‘அழுதேன்’ என்னும் விடைக்குப் பின் ‘எதன்பொருட்டு?’ என்னும் வினா எழ வேண்டும். அவ்வாறு வினவும்போது, அழுகையோடு மற்றொரு மெய்ப்பாடும் இளையோர் கருத்துகளில் ஓயாமல் உடன்வருவதைக் காண்கிறோம். அது வெகுளி.

ஜோடி பிக்கோ எழுதி 2004இல் வெளிவந்த ‘மை சிஸ்டர்ஸ் கீப்பர்’ என்னும் அமெரிக்க ஆங்கில நாவல் இளையோரிடம் எழுப்பிய கருத்துகளை இக்கட்டுரை இந்நோக்கில் ஆராய்கிறது. அந்நாவலின் முடிவின்மீது இளம் வாசகர் கொண்ட சினம் அனுபவமின்மையால் வந்ததன்று. நூலின் அமைப்பில் உள்ள ஒரு பிளவைச் சரியாகக் கண்டுகொண்ட திறனாய்வுத் தீர்ப்பு அது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இது எண்ணிக்கை வழிப்பட்ட கள ஆய்வன்று. இளம் வாசகரின் மதிப்புரைகளிலும் வகுப்பறை உரையாடல்களிலும் பரவலாக வழங்கும் கருத்துகளை நூலின் அமைப்போடு ஒப்பவைத்துப் பார்க்கும் முயற்சியாகும்.

நாவலும் அது சென்ற வழியும்

றோட் ஐலண்ட் மாநிலத்தில் வாழும் ஃபிட்ஸ்ஜெரால்ட் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். நடுமகள் கெய்ட்டுக்கு இரண்டு வயதிலேயே கடுமையான இரத்தப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அவளுக்குத் திசுப்பொருத்தம் உள்ள குழந்தையாகக் கருநிலையிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பிறந்தவள் அன்னா. பிறந்தபோது கொப்பூழ்க்கொடிக் குருதியில் தொடங்கிய கொடை, இரத்த அணுக்கள், எலும்பு மச்சை என வளர்கிறது. பதின்மூன்று வயதில் சிறுநீரகம் ஒன்றைத் தருமாறு கேட்கப்படும்போது, தன் உடல்மீதான மருத்துவ முடிவுகளைத் தானே எடுக்கும் உரிமை கோரி அவள் பெற்றோர்மீது வழக்குத் தொடுக்கிறாள். முன்னாள் வழக்கறிஞரான தாய் சாரா, நீதிமன்றத்தில் மகளுக்கு எதிராகத் தானே வாதிடுகிறாள்.

இவ்வாறு கருத்தேர்வு செய்து பெற்ற குழந்தையின் கொப்பூழ்க்கொடிக் குருதியால் மூத்த பிள்ளைக்கு மருத்துவம் செய்த நிகழ்வு, நாவல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2000இல் அமெரிக்காவில் நடந்தது. ஆகவே, நூல் எழுப்பிய கேள்வி அந்நாட்டு வாசகருக்குக் கற்பனையாகத் தோன்றவில்லை.

இந்நூல் வளர்ந்தோர்க்கென வெளியிடப்பட்டது. எனினும் இளையோர் விரைவில் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். வளர்ந்தோர் நூல்களுள் இளையோரைக் கவரத்தக்க பத்தினை ஆண்டுதோறும் நூலகர்கள் தேர்ந்து அளிக்கும் அலெக்ஸ் விருதை 2005இல் அது பெற்றது. மறு ஆண்டில், இல்லினாய் மாநில உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆபிரகாம் லிங்கன் விருதும் அதற்குக் கிட்டியது. 2009ஆம் ஆண்டிலோ, அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, மிகுதியாக எதிர்ப்புக்கு உள்ளான பத்து நூல்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. வயதுக்கு ஒவ்வாதது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. நூலகர் பரிந்துரைத்தனர், மாணவர் வாக்களித்தனர், வேறு சிலர் அவர்களிடமிருந்து நூலை விலக்க முயன்றனர். இம்மூன்றனுள் இளையோர் தாமே பேசியது ஒன்றில் மட்டுமே. அவர்கள் வாக்கின் எண்ணிக்கை பதிவாயிற்று. வாக்கின் பின்னிருந்த வாதம் திறனாய்வில் இடம்பெறவில்லை.

முடிவின்மீது எழுந்த வெகுளி

இளம் வாசகர் மிகுதியாகப் பேசுவது நாவலின் முடிவைப் பற்றியே. வழக்கில் அன்னா வெல்கிறாள். வழக்குத் தொடுக்குமாறு அவளைக் கேட்டுக்கொண்டவள் கெய்ட்டே என்பதும், நோயோடு போராடிச் சலித்த அவள் சாவை ஏற்க விரும்பினாள் என்பதும் நீதிமன்றத்தில் வெளிப்படுகின்றன. நீதிபதி, அன்னாவின் மருத்துவ முடிவுகளில் துணைநிற்கும் அதிகாரத்தை அவளுடைய வழக்கறிஞர் கேம்பலுக்கு அளிக்கிறார். மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தில் அன்னா மூளைச்சாவு அடைகிறாள். கேம்பலின் இசைவோடு அவளுடைய சிறுநீரகம் கெய்ட்டுக்குப் பொருத்தப்படுகிறது. கெய்ட் பிழைக்கிறாள்.

‘ஏமாற்றப்பட்டேன்’, ‘நியாயமில்லை’ என்னும் பொருள்படவே இளையோர் பலர் இம்முடிவைக் குறித்துப் பேசுகின்றனர். தமக்குப் பிடித்த பாத்திரம் இறந்ததால் வந்த ஏமாற்றம் என இதனை விளக்கிவிடுவது எளிது. ஆயினும், கெய்ட் இறந்துவிடக்கூடும் என்னும் எதிர்பார்ப்போடுதான் அவர்கள் நூல் முழுவதையும் படித்தனர். சாவை எதிர்கொள்ள அவர்கள் ஆயத்தமாகவே இருந்தனர். அவர்களைச் சினங்கொள்ளச் செய்தது சாவு எவரைத் தேடி, எவ்வழியில் வந்தது என்பதே.

இங்கு அழுகையின் நிலைக்களன்களை நினைவுகூர்தல் பயன்தரும். நாவலின் பெரும்பகுதி அழுகையை இரு களங்களில் நிறுத்துகிறது. ஆண்டுதோறும் தளரும் கெய்ட்டின் உடல் அசைவின் களம். தேவை நேரும்போது மட்டும் வீட்டாரின் கண்ணில் படுகிறோமோ என்னும் அன்னாவின் ஐயம் இளிவின் களம். முந்தையதற்கு மருத்துவத்தில் விடை தேடலாம். பிந்தையதற்கு விடை, அன்னா தானே முடிவெடுத்து அதனை மற்றவர் மதிப்பதில்தான் உள்ளது. சிறுநீரகத்தைத் தருவதா, மறுப்பதா என்பதை அவள் முடிவாக உரைப்பதற்கு முன்பே விபத்து குறுக்கிடுகிறது. இளிவால் தோன்றிய அழுகையை ஆசிரியர் கடைசி இயலில் இழவால் தோன்றும் அழுகையாக மாற்றிவிடுகிறார். கண்ணீர் வடிவதென்னவோ உண்மைதான். அது வேறொரு கேள்விக்குரிய கண்ணீர். இந்த மாற்றத்தையே இளையோர் ‘ஏமாற்று’ என்கின்றனர்.

வெகுளியின் நிலைக்களன்களாக மெய்ப்பாட்டியல் சுட்டுபவை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கு. உறுப்புகளைக் குறைத்தல், சுற்றத்துக்குக் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல் என அவற்றைப் பொருள்கொள்ளலாம். உறுப்பறை முதலில் நிற்பது நம் கருத்தை ஈர்க்கிறது. இலக்கணம் கருதியது பகைவர் இழைக்கும் கேட்டினை. இந்நாவலிலோ உறுப்பினைக் கேட்போர் அன்புடைய பெற்றோர். எனவே இரண்டையும் ஒன்றாக்கிவிட இயலாது. எனினும், உடலின் ஒருபகுதி உடையவரின் முடிவுக்குக் காத்திராமல் எடுக்கப்படுவது வெகுளிக்குரியது என்னும் உணர்வு இரண்டிற்கும் பொது. தன் உடல்மீது தனக்கே உரிமை உண்டு என்று தீர்ப்புப் பெற்ற சிறுமியின் சிறுநீரகம், அடுத்த சில பக்கங்களில் ஒரு வளர்ந்தவரின் சொல்லால் எடுக்கப்படுகிறது என்னும் முரணை இளையோர் தெளிவாகவே கண்டனர்.

இம்முடிவை ஆதரிக்கும் இளையோரும் உளர். வாழ்க்கை எவருடைய திட்டத்துக்கும் அடங்காது, நோயுற்றவருக்கு முன் நலமுற்றவர் இறப்பதும் உண்டு என்பது அவர்கள் வாதம். வாழ்க்கை பற்றிய கூற்றாக இது மறுக்க இயலாதது. ஆனால் கதையில் விபத்து தற்செயலாக நிகழ்வதில்லை. ஆசிரியர் அதனை நிகழ்த்துகிறார். கண்ணற்ற ஊழ் என்று சொல்லப்படுவது, வழக்கில் இருந்த அதே உறுப்பினை, உரியவளிடமே சரியாகக் கொண்டுசேர்க்கிறது. இத்துணைக் கணக்காகச் செயற்படுவதை ஊழ் என்று ஏற்பது கடினம்.

தாய்மீதான தீர்ப்பும் நோயாளியின் மௌனமும்

சாரா பற்றிய கருத்துகள் ஒருபடித்தானவை அல்ல. ஒரு மகளைக் காப்பதற்காக மற்ற இருவரையும் கைவிட்டவள் என்று கடிந்துரைப்போர் பலர். அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம் எனத் தயங்குவோரும் உளர். இத்தயக்கத்துக்கு நூலின் கதைகூறும் முறையே காரணம். குடும்பத்தாரும், வழக்கறிஞரும், நீதிமன்றம் அமர்த்திய பாதுகாவலரும் மாறிமாறித் தன்மையிடத்தில் பேசுகின்றனர். பிறர் பேசுவது வழக்கு நடக்கும் நாள்களை. சாரா பேசுவதோ 1990இல் நோய் அறியப்பட்டது தொடங்கிய ஆண்டுகளை. அவளைக் கண்டிக்க நெருங்கும் வாசகரின் முன், இரண்டு வயதுக் குழந்தையோடு நிற்கும் இளந்தாயை ஆசிரியர் நிறுத்திவிடுகிறார். இளையோரின் தீர்ப்பு இரண்டுபட்டு நிற்பது இவ்வமைப்பின் வெற்றி.

மூத்தமகன் ஜெஸி மீது இளையோர் காட்டும் பரிவும் குறிப்பிடத்தக்கது. தமக்கைக்கும் தங்கைக்கும் நடுவிலான வழக்கில் அவனுக்குப் பங்கில்லை; அவனது திசுவும் கெய்ட்டுக்குப் பொருந்தவில்லை. தீயணைப்பு வீரரான தந்தையின் ஊரிலேயே அவன் கட்டடங்களுக்குத் தீவைக்கிறான். கொடிய நோய் ஒரு வீட்டில் நுழைந்தால் நோயில்லாத பிள்ளை எங்கே போய்விடுகிறது என்னும் கேள்விக்கு ஜெஸியே விடை. வளர்ந்தோர் அன்னாவின் சட்ட வழக்கையே நூலின் மையமாகக் கொள்ள, இளையோர் ஜெஸியையும் மையத்துக்குக் கொண்டுவருகின்றனர்.

இதனினும் நுட்பமான கருத்து கெய்ட்டைப் பற்றியது. அத்தனை பேர் பேசும் நூலில், நோயுற்றவள் தன் குரலில் பேசுவது இறுதியுரையில் மட்டுமே. அவளுடைய விருப்பம் பிறர் வாய்மொழியாக வெளிப்படுகிறது. அவள் ஏன் பேசவில்லை என்று வினவும் இளையோர், நோய் பற்றிய புனைவுகள் பலவற்றுக்கும் பொருந்தும் ஒரு குறையைத் தொட்டுவிடுகின்றனர். அவளது மௌனமே கதையின் மறைபொருளைக் காத்தது என்பது உண்மை. அந்த மறைபொருளுக்காக நோயாளியின் குரலை விலையாகக் கொடுத்தது தகுமா என்பதே அவர்கள் வினா.

திரைப்படம் தந்த மாற்றுமுடிவு

நிக் கசவெட்டிஸ் இயக்கத்தில் 2009இல் வெளிவந்த திரைப்படம் இம்முடிவை மாற்றியது. படத்தில் இறப்பவள் கெய்ட், அன்னா வாழ்கிறாள். நூலைப் படித்த இளையோர் இதனால் அமைதியுறவில்லை. எம்முடிவு சிறந்தது என்னும் விவாதமே வளர்ந்தது. கெய்ட்டின் விருப்பத்தைப் படம் மதித்தது என்பர் ஒருசாரார்; நூலின் கூர்மையைப் படம் மழுக்கிவிட்டது என்பர் மறுசாரார்.

இரண்டு முடிவுகளும் ஒன்றில் ஒத்திருக்கின்றன. நூலில் அன்னா இறந்துவிடுவதால் அவள் முடிவெடுக்க வேண்டியதில்லை. படத்தில் தீர்ப்பு அவளுக்குச் சாதகமாகவே அமைகிறது. ஆனால் கெய்ட் இறந்துவிட்ட பின் அத்தீர்ப்புக்குச் செயற்பயன் இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுமி ‘தருகிறேன்’ என்றோ ‘தரமாட்டேன்’ என்றோ சொல்லி, அதன் விளைவோடு வாழ்வதை இரு படைப்புகளும் காட்டவில்லை. எம்முடிவும் நிறைவளிக்காமல் இளையோர் தொடர்ந்து வாதிட்டதற்கு இதுவே காரணம் எனலாம். காயீன் கடவுளிடம் கேட்ட கேள்வியை நினைவூட்டும் தலைப்பைக் கொண்ட நூல், உடன்பிறப்புக்கு நாம் எம்மட்டும் பொறுப்பு என்று கேட்டுவிட்டு, விடையளிக்க வேண்டியவளை வெளியேற்றிவிடுகிறது.

தமிழ்த் திறனாய்வு பெறத்தக்கது

தமிழ் வாசகர் இந்நாவலை அணுகும்போது ‘தியாகம்’ என்னும் சொல் எளிதில் முன்வந்து நிற்கும். குடும்பத்துக்காகத் தன்னை ஈந்த பெண்ணைப் போற்றும் கதைகள் நமக்குப் பழக்கமானவை. கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) திரைப்படத்திலும், விடுதலையின் வாயிலை அணுகிய நாயகியைத் தமையனின் எதிர்பாராத சாவு மீண்டும் குடும்பச் சுமைக்கே திருப்புகிறது. பெண்ணின் முடிவை எதிர்பாரா நிகழ்வொன்று முந்திக்கொள்ளும் இந்த அமைப்பு ஒரு நாட்டுக்கோ மொழிக்கோ உரியதன்று. தானே தெரிந்து ஈவது தியாகம். தெரிவுசெய்ய இடமளியாது பெறப்பட்டதைத் தியாகம் எனப் போற்றுவது பெற்றவர்க்கே வசதியானது. இவ்வேறுபாட்டை இளையோரின் வெகுளி நமக்கு உணர்த்துகிறது.

இளையோரின் முதல் உணர்வு திறனாய்வின் தொடக்கப்புள்ளி என்பதையும், அவ்வுணர்வோடு மீண்டும் பனுவலுக்குத் திரும்பி அதனைச் சீர்தூக்கப் பயிற்றுவதே ஆசிரியர் பணி என்பதையும் லூயிஸ் ரோசன்பிளாட் 1938இலேயே எடுத்துரைத்தார். புலம்பெயர் நாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள், வாழும் நாட்டின் மொழியில் இத்தகைய நாவல்களைப் படித்து விவாதிக்கின்றனர். தமிழ் வகுப்பில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை, முடிவில் நீதியை உரைத்துவிடும் சிறுகதைகள். ஒரு முடிவை நியாயமற்றது என்று சினந்துரைக்கும் ஆற்றலுடைய வாசகரிடம், ‘இக்கதை தரும் படிப்பினை யாது?’ என்று மட்டும் கேட்பது அவ்வாற்றலை வீணாக்குவதாகும். சினத்துக்குரிய சொல்லைத் தமிழில் பெறாத பிள்ளை, அச்சினத்தை வேறு மொழியிலேயே சிந்திக்கும்.

முடிவுரை

சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய விருது தமிழ்ச் சிறார் எழுத்துக்கு மதிப்பளித்துள்ளது. எனினும் அதனைத் தேர்ந்தெடுப்போர் வளர்ந்தோரே. இல்லினாய் மாணவர் வாக்களித்ததைப் போன்று, புலம்பெயர் நாடுகளின் தமிழ்ப் பள்ளிகள் இணைந்து மாணவர் தேர்வில் அமையும் விருது ஒன்றை ஏற்படுத்தலாம். அதில் வாக்கோடு ஒரு பக்க அளவிலான காரணவுரையும் பெறப்பட வேண்டும்; அவ்வுரைகளை ஆய்வு நூலகங்கள் தொகுத்துப் பேண வேண்டும். எந்நூல் வென்றது என்பதோடு, எம்முடிவை இளையோர் ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்பதும் பிற்கால ஆய்வாளருக்குக் கிடைக்கும்.

‘மை சிஸ்டர்ஸ் கீப்பர்’ குறைகளற்ற நாவல் அன்று. அதன் குறையை முதலிலும் சரியாகவும் சுட்டியவர்கள், அந்நூலை விரும்பி வாக்களித்த வயதினரே. விருப்பமும் வெகுளியும் ஒரே வாசகரிடம் ஒருங்கே இருக்க முடிந்தது. திறனாய்வுக்கு வேண்டிய முதல் தகுதியும் அதுவே.