இருபதில் ஒன்பது

மௌனப்படக் காலத்துத் தொடர்படம் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது ஒரே காட்சிதான். தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்ட ஓர் இளம்பெண். தூரத்தில் புகை கக்கிக்கொண்டு வரும் ரயில். அது எந்தப் படம் என்று கேட்டால், ‘த பெரில்ஸ் ஒஃப் போலின்’ என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சென்ற மாரிகாலத்தில் லண்டனில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த சில இரவுகளில், அம்மாவுடன் இருந்து அந்தப் படத்தை முழுதாகப் பார்த்து முடித்தேன். அப்படியொரு காட்சி அதில் இல்லை.

‘முழுதாக’ என்று எழுதியது பிழை. 1914 மார்ச் 23இல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய அத்தொடர் இருபது அத்தியாயங்களைக் கொண்டது. இன்று எஞ்சியிருப்பது, 1916இல் ஐரோப்பாவுக்கென ஒன்பது அத்தியாயங்களாகச் சுருக்கி வெளியிடப்பட்ட பிரதி மட்டுமே.

கதை எளிமையானது. போலின் செல்வந்தர் வீட்டில் வளரும் பெண். அவளை வளர்த்தவரின் மகன் ஹரி அவளை மணக்க விரும்புகிறான். அவளோ முதலில் உலகத்தைப் பார்க்கவேண்டும், கண்டதை எழுதவேண்டும், கல்யாணம் பிறகு என்கிறாள். கிழவர் இறந்துவிட, அவளுடைய சொத்து அவள் மணமுடிக்கும்வரை செயலாளரின் பொறுப்பில் வருகிறது. அவள் இல்லாமற்போனால் சொத்து தனக்கு என்று அவன் கணக்குப் போடுகிறான். ஆகாய பலூன், கடற்கொள்ளையர், ஜிப்சிகள் என்று அவளை அவன் அனுப்பாத ஆபத்தில்லை.

“இந்தப் பெட்டை ஏன் வீட்டில இருக்கமாட்டாளாம்?” என்று கேட்டார் அம்மா. சிரித்தேன். ஆனால் இத்தொடரைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே.

போலினைப் பெண் விடுதலையின் முன்னோடியாகக் கொண்டாடும் விமர்சகர்கள் உண்டு. பேர்ள் வைற் நடித்த அப்பாத்திரம் துணிச்சலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தறிகெட்டுப் பறக்கும் பலூனிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பாறைமுகட்டில் இறங்கும்போது, நூறு வருடங்கள் கழித்தும் நெஞ்சு பதைக்கிறது. ஆனால் படத்தின் தர்க்கம் வேறு. வெளியே போகும் ஒவ்வொரு முறையும் அவள் தண்டிக்கப்படுகிறாள். பெரும்பாலும் ஹரியே வந்து மீட்கிறான். இறுதியில், ‘போதும்’ என்று கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். இத்தொடர் தொடங்குவதற்குப் பதின்மூன்று நாட்கள் முன்னர், 1914 மார்ச் 10இல், லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் மேரி ரிச்சர்ட்சன் என்ற வாக்குரிமைப் போராளி, எமலின் பாங்க்ஹர்ஸ்ற் கைதானதைக் கண்டித்து வெலாஸ்கெஸின் வீனஸ் ஓவியத்தை வெட்டுக்கத்தியால் கிழித்தார். அவரை மீட்டுவர ஹரி எவரும் இருக்கவில்லை, சிறைதான் இருந்தது. போலினின் துணிச்சல் கடைசி அத்தியாயத்தில் திருப்பிக் கொடுக்கப்படவேண்டிய கடன். ரிச்சர்ட்சனின் துணிச்சல் அப்படியானதல்ல.

இன்னொரு குறையும் உண்டு. செல்வந்தப் பெண்ணுக்கு ஆபத்து வேண்டியபோதெல்லாம் கதை ஜிப்சிகளையும் செவ்விந்தியர்களையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர்களுக்கென்று ஒரு காரணம், ஒரு வீடு, ஒரு துக்கம் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் படத்துக்குக் கிடையாது. திரையில் அவர்கள் வரும்போதெல்லாம் நான் சற்றுக் குறுகியே இருந்தேன்.

இத்தகைய அமெரிக்கத் தொடர்படங்கள் எமது பக்கத்துக்கும் வந்தன. சென்னையில் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி போன்ற அரங்குகளில் ஓடின. திரையருகே ஒருவர் நின்று கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பார். வெள்ளைக்காரப் பெண்கள் ஓடுவதையும் கட்டுண்டு கிடப்பதையும் ‘சுதேசிகள்’ பார்த்தால் தமது மதிப்புக் கெடும் என்று ஆட்சியாளர் சிலர் அஞ்சினர். 1927இல் சென்னை வழக்கறிஞர் ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த திரைப்படக் குழு விசாரித்த விடயங்களில் இதுவும் ஒன்று. எம்மவர் பார்த்தது ஓடும் பெண்ணையா, வெள்ளைத் தோலையா? 1937இல் கே. டி. ருக்மணி சாகச நாயகியாக நடித்த ‘மின்னல்கொடி’ அதற்கு ஒரு பதில் என்று எனக்குப் படுகிறது.

ஆயினும் என்னை உலுப்பியது கதையல்ல, எஞ்சியுள்ள பிரதியின் நிலை. அதன் எழுத்தட்டைகள் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போய், பிரெஞ்சிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தவை. எழுத்துப்பிழையும் இலக்கணப்பிழையும் மலிந்தவை. ‘அழியாத வலிமை’ என்று வரவேண்டிய இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து விழுந்துபோய் ‘ஒழுக்கங்கெட்ட வலிமை’ ஆகிவிட்டது. வில்லனின் பெயர் முதலில் ரேமண்ட் ஓவன். போர்க்காலப் பிரதியில் கேர்ணர். ஜேர்மன் பெயர் ஏன் வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல.

இதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு விசாரணை அறையில் என் கதையைத் தமிழில் சொன்னேன். அதை ஒருவர் ஆங்கிலமாக்கினார். பின்னர் இன்னொருவர் அந்த ஆங்கிலத்தைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டியபோது, என்னை வளர்த்த சித்தப்பா மாமாவாகியிருந்தார். அப்பாவின் தம்பி அம்மாவின் அண்ணனாகிவிட்டார்! பெரிய பிழையா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். அந்த மாமாவை எனக்குத் தெரியாது. ஆனால் கோப்பில் இன்றும் அவர்தான் இருக்கிறார்.

பேர்ள் வைற்றும் சொந்த நாட்டில் முடியவில்லை. முதுகெலும்புக் காயத்தின் வலியுடன் பிரான்சில் வாழ்ந்து, 1938இல் அங்கேயே இறந்தார்.

ஒன்பதாவது முடிந்ததும் அம்மா கேட்டார்: “மிச்சம் பதினொண்டும் எங்க தம்பி?”

“இல்லையம்மா. ஆனா கதை கடதாசியில இருக்கு” என்றேன். தொடரின் கதையை 1915இல் சார்ள்ஸ் கொடார்ட் நாவலாக வெளியிட்டிருந்தார்.

“கடதாசியில எண்டாலும் இருக்கட்டும்” என்றார் அம்மா. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அந்த நகரத்தில் இருந்தவர் அவர்.