மேடு பள்ளம் மறக்கும் கார்

பழைய கார்க் கண்காட்சிகளில் பரிசு வாங்குவது பெரும்பாலும் பெயின்ட்தான். குரோமியம் மின்ன வேண்டும், இருக்கைத் தோலில் வெடிப்பு இருக்கக் கூடாது, டேஷ்போர்டின் கடிகாரம்கூட ஓட வேண்டும். நடுவர்கள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். ஏறி உட்கார்ந்து பத்துக் கிலோமீட்டர் போய் வருகிறவர் அபூர்வம். மற்ற கார்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. சிட்ரோயன் டிஎஸ்ஸுக்கு மட்டும் இது அநியாயம். அந்தக் காரின் அழகில் பாதி கண்ணுக்குத் தெரியாது, முதுகுத்தண்டுக்குத்தான் தெரியும்.

1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் டிஎஸ் 19 அறிமுகமான அன்றைக்கே சுமார் 12,000 ஆர்டர்கள் குவிந்தன. ஆர்டர் கொடுத்தவர்கள் அதில் ஒரு தெரு தூரம்கூடப் போனவர்கள் அல்ல. ஃப்ளமினியோ பெர்டோனி என்ற இத்தாலியச் சிற்பி அதற்குக் கொடுத்திருந்த உருவத்தைப் பார்த்துக் கொடுத்த ஆர்டர்கள் அவை. வாங்கியவர்கள் அந்தக் காரை விட்டுப் பிரிய மனமில்லாமல் வைத்திருந்தார்களே, அதற்குக் காரணம் வேறொருவர். பெயர் பால் மாஜெஸ். 17 வயதில் சிட்ரோயனில் வேலைக்குச் சேர்ந்து, தானாகவே கற்றுத் தேறியவர். எஃகு ஸ்ப்ரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, எண்ணெயையும் வாயுவையும் வைத்தே ஒரு காரைத் தாங்க முடியும் என்று காட்டியவர் அவர். 1954-இல் பெரிய டிராக்‌ஷன் அவான்ட் காரின் பின்சக்கரங்களில் ஒத்திகை நடந்தது. மறுவருடம் டிஎஸ்ஸின் நான்கு சக்கரங்களுக்கும் அது வந்தது.

அன்றைய பிரான்ஸின் சாலைகளை நினைத்துக்கொண்டால்தான் இதன் அருமை புரியும். மரங்கள் வரிசை கட்டிய நீண்ட நேர்ச் சாலைகள், போரில் அடிபட்டு ஒட்டுப் போட்ட பரப்பு, ஊருக்குள் நுழைந்ததும் கருங்கல் பதித்த தெரு. அதில் முழுக் குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டரில் போக வேண்டும். இறங்கும்போது இடுப்பு வலிக்கக் கூடாது. மாஜெஸுக்கு வைக்கப்பட்ட தேர்வு இதுதான்.

அவர் எழுதிய விடை எளிமையானது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எஃகுக் கோளம். கோளத்தின் நடுவே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒருபக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஒரு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் சவ்வைத் தள்ளுகிறது. நைட்ரஜன் அமுங்கிக் கொடுக்கிறது. ஸ்ப்ரிங் வேலையைச் செய்வது வாயு. கோளத்தின் கழுத்தில் சிறு துளைகள் கொண்ட வால்வு ஒன்று இருக்கிறது. துளைகளை மூடியிருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்துக்கொண்டுதான் எண்ணெய் போய்வர வேண்டும். ஷாக் அப்சார்பர் அவ்வளவுதான். காற்றை விட்டுவிட்டு நைட்ரஜனைத் தேடிப் போனதற்கும் காரணம் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரை அரிக்கும். கடும் அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் தீப்பற்றவும் கூடும்.

இதற்கு மேல் நான் மிகவும் ரசிப்பது, உயரத்தைக் காக்கும் அந்தச் சின்ன வால்வை. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் கார் தாழ்கிறது. ஆன்ட்டி ரோல் பாரோடு இணைந்த ஒரு கம்பி அதை வால்வுக்குச் சொல்கிறது. வால்வு திறந்து எண்ணெய் பாய்கிறது. கார் பழைய உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. இறங்கினால் எண்ணெய் வெளியேறுகிறது. ஆனால் சாலையில் ஒவ்வொரு குழிக்கும் இது விழித்துக்கொண்டால் கார் குதித்துக்கொண்டே போகும். அதனால் வால்வை வேண்டுமென்றே மந்தமாக்கியிருக்கிறார்கள். கணநேர ஆட்டத்தை அது கண்டுகொள்ளாது. பாரம் ஏறியதா, இறங்கியதா என்பதை மட்டும் நிதானமாகக் கவனிக்கும். ஓர் இயந்திரத்துக்கு எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கற்றுக்கொடுத்த இடம் இது. ரோல்ஸ் ராய்ஸ்கூட 1965-இல் சில்வர் ஷேடோவுக்குத் தானே உயரம் பார்த்துக்கொள்ளும் சஸ்பென்ஷன் வேண்டும் என்றபோது, சிட்ரோயனிடம்தான் உரிமம் வாங்கியது.

இப்போது முதுமைக்கு வருவோம். ஸ்ப்ரிங் வைத்த கார் வயதானால் தொய்யும். ஒருபக்கம் இறங்கி நிற்கும், குழியில் விழுந்தால் ஊஞ்சலாடும், பார்த்ததும் தெரிந்துவிடும். டிஎஸ் நேர் எதிர். அது வயதானால் இறுகுகிறது. நைட்ரஜன் ரப்பர் சவ்வின் ஊடே மெல்ல மெல்லக் கசிகிறது. திருவிழாவில் வாங்கிய பலூன் ஓட்டையே இல்லாமல் நாலு நாளில் சுருங்குவது போல. வாயு குறைந்த இடத்தை எண்ணெய் நிரப்பிக்கொள்கிறது. உயரம் காக்கும் வால்வோ தன் கடமையில் தவறாமல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காரைச் சரியான உயரத்திலேயே நிறுத்திவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. உள்ளே அமுங்கிக் கொடுக்க வாயு இல்லை. எண்ணெய் அமுங்காது என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆகவே ஒவ்வொரு கல்லும் நேராக இருக்கைக்கு வருகிறது. இந்த இறுக்கம் சில வருடங்களில் படிப்படியாக வருவதால், தினமும் ஓட்டுகிற சொந்தக்காரருக்கே தெரிவதில்லை. “டிஎஸ்ஸா? பெயர்தான் பெரிது, சாதாரணக் கார் மாதிரிதான் போகிறது” என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர், செத்த கோளங்களின் மேல் உட்கார்ந்து போனவர்கள் என்பேன்.

ஆகவே புதுப்பிக்கிறவர் முதலில் கை வைப்பது கோளங்களில். அதற்கும் முன்னால் அழுத்தத்தை முழுக்க இறக்க வேண்டும். இந்தக் குழாய்களில் ஓடுவது சுமார் 150 முதல் 175 பார் வரை; கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். தாங்கு கட்டை வைக்காமல் இந்தக் காருக்கு அடியில் தலையை நுழைப்பது தற்கொலைக்குச் சமம். அழுத்தம் போன கணத்தில் உடல் முழுக்கத் தரைக்கு இறங்கிவிடும். பழைய வகைக் கோளம் இரண்டு பாதிகளைத் திருகிச் சேர்த்தது. சங்கிலிப் பிடி போட்டுத் திறந்து, சவ்வை மாற்றி, மறுபடி மூடி, மேலேயுள்ள சிறு திருகாணி வழியே நைட்ரஜன் ஏற்றலாம். சலூன் காருக்கு முன்னால் 59 பார், பின்னால் 26 பார். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் உட்கார்ந்திருப்பதால் இந்த வித்தியாசம். பாரம் ஏற்றும் பிரேக் என்ற எஸ்டேட் வகைக்குப் பின்னால் 37. இந்த எண்களோடு விளையாடுகிறவர்கள் உண்டு. “கொஞ்சம் கூட ஏற்றினால் இன்னும் மெத்தென்று இருக்குமே” என்பது அவர்கள் கணக்கு. மெத்தென்று இருக்கும், வாஸ்தவம்தான். வளைவில் படகு மாதிரி சாயும், பின்சீட்டுக் குழந்தைக்கு வாந்தி வரும். ஒழுங்காக இருக்கும்போதே சிலருக்கு டிஎஸ்ஸில் தலை சுற்றும். கம்பெனி சொன்ன எண்ணை நம்புவதே ரசனை.

கோளத்தைக் கழற்றும்போதே கழுத்து வால்வைக் கழுவிப் பார்த்துவிட வேண்டும். துளையில் ஒரு தூசி, வளைந்துபோன ஒரு தகடு போதும். ஒரு மூலை மட்டும் முரண்டு பிடிக்கும். நான்கு கோளங்கள் மாற்றிய பிறகும் கார் தட்டினால், முதல் சந்தேகம் இங்கேதான்.

எண்ணெய் விஷயத்தில் வேறு கார்களில் இல்லாத ஓர் அபாயம் உண்டு. ஆரம்ப கால டிஎஸ்களில் ஓடியது எல்எச்எஸ் என்ற சிவப்புத் திரவம். அது ஈரத்தை இழுக்கும். இழுத்தால் உள்ளே துருவேறும். சிந்தினால் பெயின்ட்டை உரிக்கும். 1966-க்குப் பிறகு எல்எச்எம் என்ற பச்சைக் கனிம எண்ணெய் வந்தது. இரண்டுக்கும் ரப்பர் வேறு, சீல் வேறு. பச்சைக் காரில் சிவப்பை ஊற்றினாலோ, அவசரத்துக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றினாலோ சீல்கள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். குழம்பக் கூடாதென்றே புது எண்ணெய்க்கான பாகங்களுக்கு அவர்கள் பச்சை அடித்தார்கள். இதே எண்ணெய்தான் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும், பல மாடல்களில் கியர் மாற்றுவதையும் நடத்துகிறது. சஸ்பென்ஷனைச் சரிசெய்ய ஆரம்பித்தவர் காரின் ரத்த ஓட்டம் முழுவதையும் தொட்டாக வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் வடிகட்டிகளைக் கழுவ வேண்டும், நொய்ந்துபோன திரும்பு குழாய்களை மாற்ற வேண்டும். இது அழுக்கு வேலை, விவரிக்க ஒன்றுமில்லை. செய்துவிட வேண்டும், அவ்வளவே.

அடுத்து உயரம். இங்கே பொறுமை வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, காரைக் கையால் தூக்கி விடுவார்கள். அது தானாக இறங்கி நின்றதும் ஓர் அளவு. பிறகு அழுத்தி விடுவார்கள். எழுந்து நின்றதும் இன்னொன்று. இரண்டின் சராசரிதான் உண்மையான உயரம். இரண்டு அளவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், எங்கோ ஒரு மூட்டு இறுகிக் கிடக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பின்பக்கத்தில், சேறு படும் இடத்திலுள்ள இணைப்புக் கம்பி துருப்பிடித்திருக்கும். உயரம் தப்பினால் பிஸ்டனுக்கு ஒரு திசையில் ஓட இடம் போதாது. எத்தனை நல்ல கோளம் போட்டாலும் கார் முட்டி முட்டித்தான் போகும். படம் எடுத்துப் போடுவதற்காகக் காரைத் தாழ இறக்கிவைத்து அப்படியே ஓட்டிப் போகும் சிலரைப் பார்க்கும்போது, மாஜெஸுக்காக எனக்கு வருத்தமாக இருக்கும். காரின் உயரத்தை மாற்றும் நெம்புகோலின் தாழ்ந்த நிலையும் உச்ச நிலையும் டயர் மாற்றுவதற்கும் மோசமான தடத்தைக் கடப்பதற்கும்தான். டயர் மாற்றும் விதமும் அழகானது. காரை உச்சத்துக்கு உயர்த்தி, பக்கத்தில் ஒரு தாங்கியைச் சொருகி, நெம்புகோலைத் தாழ்த்தினால் சக்கரங்கள் தாமாகவே தரையை விட்டு மேலே எழும்.

பின்சக்கரக் கைகள் சுழலும் பேரிங்குகளில் தண்ணீர் புகுந்து துருவேறுவதும், முன்பக்கப் பந்து மூட்டுகள் தேய்வதும் வழக்கமான முதுமை. இவற்றில் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். நைட்ரஜன் எவ்வளவு மென்மையாக அமுங்கினாலும், கை தடங்கலின்றிச் சுழன்றால்தான் அந்த மென்மை உள்ளே வரும்.

அடுத்தது யாரும் சஸ்பென்ஷன் என்று நினைக்காத பகுதி: இருக்கை. டிஎஸ்ஸின் இருக்கைகளில் நுரை மெத்தை தாராளம். கார்ப்பெட்டுக்கு அடியிலும் தடிமனான நுரை. சக்கரம் விழுங்காமல் விட்ட சின்ன அதிர்வை விழுங்கும் பொறுப்பு அவற்றுக்கு. ஐம்பது வருடத்தில் நுரை பொடியாகிவிடும். மேல்தோலை அழகாகத் தைத்து உள்ளே கெட்டியான நவீன நுரையை அடைத்துத் தருகிற கடைகள் நிறைய. உட்கார்ந்தால் மேசையில் உட்கார்ந்த மாதிரி. டயரிலும் இதே கதை. இந்தக் காருக்கென்று மிஷெலின் 1965-இல் கொண்டுவந்த எக்ஸ்ஏஎஸ் இன்றும் தயாராகிறது. விலை கூடுதல்தான். ஆனால் அதன் பக்கச்சுவர் கொடுக்கும் இளக்கம் மலிவு டயரில் கிடைக்காது.

எல்லாம் கூடிவந்த டிஎஸ்ஸில் போவது எப்படி இருக்கும்? குழியே தெரியாது என்று சொல்கிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். மெதுவாகப் போகும்போது கூர்மையான விளிம்பில் ஏறினால் டயர் தட்டும் சத்தம் கேட்கும். லேசாக உணரவும் செய்யலாம். வேகம் 80-ஐத் தாண்டியதும்தான் கார் தன் சுயரூபத்துக்கு வருகிறது. சாலையின் நீண்ட அலைகளை அது தாண்டிப் போவதில்லை, அவற்றோடு போகிறது. மேலும் கீழுமான அந்த அசைவு நொடிக்கு ஒருமுறைக்கும் குறைவு; நிதானமாக நடப்பதைவிடவும் நிதானம். சாலை மோசமாக மோசமாகக் கார் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். நல்ல சாலையில் எந்த மெர்சிடிஸும் இதற்குச் சமம். கெட்ட சாலையில் அந்தக் காலத்தில் இதற்கு ஈடு கிடையாது. 1962 ஆகஸ்டில் பெட்டி கிளாமாரில் குண்டு மழைக்கு நடுவே, டயர்கள் வெடித்த நிலையிலும், பிரான்ஸ் அதிபர் ஜெனரல் ட கோலின் டிஎஸ் தப்பிப் போனதைச் சஸ்பென்ஷனின் பெருமையாகச் சொல்வது வழக்கம். முன்சக்கர இழுவைக்கும் ஓட்டுநரின் கைக்கும் அதில் பங்கு உண்டு. எல்லாப் புகழையும் கோளத்துக்கே கொடுத்துவிட முடியாது.

1975-இல் டிஎஸ் நின்றது. அதற்குள் சுமார் 14.5 லட்சம் கார்கள் வெளிவந்திருந்தன. நைட்ரஜனும் எண்ணெயும் சேர்ந்த இந்தச் சஸ்பென்ஷன் 2017-இல் சி5 காரோடு முடிந்தது. நம் திருவள்ளூரில் பொருத்தப்பட்ட சி5 ஏர்கிராஸில் இருப்பது வேறு வித்தை: சாதாரண ஸ்ப்ரிங்கும் டேம்பரும், டேம்பரின் கடைசி எல்லையில் மெதுவாகத் தடுக்கும் எண்ணெய் அணையும். நல்ல வேலைதான். டிஎஸ்ஸின் வாரிசு என்று விளம்பரம் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

எங்காவது ஒரு டிஎஸ்ஸை வாங்க வாய்ப்பு வந்தால் சில காரியங்கள் செய்யுங்கள். காலையில் போங்கள். கார் தரையோடு படுத்திருந்தால் பயப்பட வேண்டாம். இரவெல்லாம் நின்றால் இறங்குவது அதன் சுபாவம். இன்ஜினைப் போட்டதும் முதலில் பின்பக்கமும் பிறகு முன்பக்கமும் எழ வேண்டும். எழுந்து நின்றதும் காது கொடுங்கள்: அழுத்தச் சீராக்கி ஒரு ‘டிக்’ சத்தம் போடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் தாமதமாகவோ கேட்டால் நல்லது. சில நொடிக்கு ஒருமுறை என்றால் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் தனிக் கோளம் போய்விட்டது, அல்லது எங்கோ கசிகிறது. பிறகு பின்பக்க டிக்கி மூடியில் கையை ஊன்றி அழுத்துங்கள். இளகி இறங்கி, கையை எடுத்ததும் அவசரமில்லாமல் எழ வேண்டும். பலகை மாதிரி நின்றால், கோளங்கள் கடைசியாக எப்போது மாறின என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியவில்லையானால், எல்லாக் கோளங்களின் விலையையும் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.