கரம்சந்த், பியோம்கேஷ் பக்ஷி: பக்கத்தில் நிற்கும் ஆள்

எங்க ஊர்ப் பேச்சில் உளவாளிக்கும் துப்பறிவாளனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரெண்டு பேருமே சி.ஐ.டி. தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி இருந்தால் முடிந்தது கதை. அந்தக் கணக்கில் நான் பார்த்த முதல் டிவி சி.ஐ.டி. 1985-இல் தூர்தர்ஷனில் வந்த கரம்சந்த். ரெண்டாவது ஆள், 1993-இல் வந்த பியோம்கேஷ் பக்ஷி. இந்த வருஷம் இரண்டையும் யூடியூபில் தேடிப் பிடித்து, குறிப்பெடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். முப்பது வருஷமாக நான் கரம்சந்த் கட்சி. இப்போது கட்சி மாறிவிட்டேன். ஏன் என்று எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாட்டில் அப்போது ஆன்டெனா எல்லாம் திருவனந்தபுரத்தைப் பார்த்து நின்றது. சென்னைத் தமிழ் எங்களுக்கு எட்டாது. சாயங்காலம் மலையாளம், ராத்திரி டெல்லியிலிருந்து இந்தி. மலையாளம் பிரச்சினையில்லை, பாதி ஊருக்குத் தெரியும். இந்திதான் சுத்தமாகத் தெரியாது. டிவி இருந்த மேல வீட்டு மாமாவின் திண்ணையில் கூடும் பத்துப் பதினைந்து பேரில் இந்தி தெரிந்தது எங்க அக்காவுக்கு மட்டும். பிரசார சபா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் எங்கள் சப்டைட்டில்.

கரம்சந்தைப் பார்க்க இந்தி தேவைப்படவில்லை என்பதுதான் அதன் முதல் பலம். பங்கஜ் பராசர் இயக்கியது. பங்கஜ் கபூர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கேரட்டைக் கடிப்பார், சதுரங்கம் ஆடுவார், திடீரென்று எழுந்து நடப்பார். துப்பறிகிறவனுக்கு வாயில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஹோம்ஸுக்கு பைப், அமெரிக்க டிவியின் கோஜக்குக்கு லாலிபாப், நம்ம தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர். அந்த வரிசையில் கேரட் ஒரு நல்ல கண்டுபிடிப்பு. கடிக்கும்போது சத்தம் வரும். எதிரே உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருக்கிறவன் அந்தச் சத்தத்தில் தடுமாறுவான். அப்போது தூர்தர்ஷன் நாடகங்கள் பலவற்றில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து வசனம் பேசுவார்கள். அதற்கு நடுவில் இந்த ஆள் ஆடிக்கொண்டு வந்தது எங்களுக்குப் பெரிய விஷயம்.

கூடவே கிட்டி. சுஷ்மிதா முகர்ஜி நடித்த செகரட்டரி. எதையாவது கேட்பாள், அல்லது "சார், நீங்க ஜீனியஸ்" என்பாள். உடனே பதில் வரும்: "ஷட் அப் கிட்டி." இந்த மூன்று வார்த்தை இந்தியா முழுக்கப் பரவியது. எங்கள் திண்ணைக்கும் வந்தது. அக்கா கதையை விளக்க வாயெடுத்தால் நாங்கள், அதாவது நானும் மாமா பையன்களும், கோரஸாக "ஷட் அப் கிட்டி" என்போம். முதல் சில வாரம் அவளும் சிரித்தாள். அப்புறம் விளக்குவதை நிறுத்திவிட்டாள். கொலை செய்தது யார் என்று தெரியாமலேயே நாங்கள் பல கேஸ்களைப் பார்த்து முடித்தோம். இதில் ஒரு தடவைகூட எங்களுக்கு உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கேரட் போதுமானதாக இருந்தது.

இப்போது மறுபடி பார்க்கும்போது கண்ணில் பட்டது இதுதான். அந்தத் தொடரும் அதையேதான் செய்கிறது. கிட்டி கேட்கிற கேள்வி பெரும்பாலும் நம் கேள்வி. "அவர்மேல எப்படி சார் சந்தேகம் வந்தது?" என்ற வகை. அதை வெட்டிவிட்டால் கரம்சந்த் யோசித்த வழி நமக்குத் தெரியாது. கடைசியில் எல்லாரையும் கூட்டிவைத்து அவர் விடையைச் சொல்லும்போது, மந்திரவாதி தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுப்பது போல இருக்கிறது. கைதட்டலாம், சரிபார்க்க முடியாது. என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புரோகிராமில் பிழை பிடிபடவில்லை என்றால் மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதற்கு வரிக்கு வரி விளக்குவோம். விளக்கும்போதே பிழை நம் கண்ணில் பட்டுவிடும். துப்பறியும் கதையில் உதவியாளர்தான் அந்த வாத்து. கரம்சந்த் வாத்தின் கழுத்தைத் திருகிவிடுகிறார்.

பியோம்கேஷில் வாத்தின் பெயர் அஜித் (நம்ம 'தல' இல்லை). சரதிந்து பந்தோபாத்யாய் 1930-களில் எழுத ஆரம்பித்த வங்காளிக் கதைகள். பாசு சாட்டர்ஜி இந்தியில் எடுத்தார். ரஜித் கபூர் பியோம்கேஷ், கே.கே. ரைனா அஜித். வேட்டி ஜிப்பாவில் பியோம்கேஷைப் பார்த்தால் எங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு சார் ஞாபகம்தான் வந்தது. 1993-இல் எனக்கு அது ஒன்றுமே புரியவில்லை. முழுக்கப் பேச்சு. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டிருந்தாள். ரெண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

'சத்யான்வேஷி' என்ற முதல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் ஒரு மெஸ். அந்த வட்டாரத்தில் கொகெய்ன் வியாபாரம், அடுத்தடுத்து கொலை. அஜித்தின் அறைக்கு அதுல் சந்திர மித்ரா என்று ஒருவன் வேலை தேடி வந்ததாகச் சொல்லித் தங்குகிறான். அவன்தான் பியோம்கேஷ். பொய்ப் பெயரில் எதிரியின் கூட்டுக்குள்ளேயே படுத்துத் தூங்குவது என்பது அசல் ஒற்றன் வேலை. (குற்றவாளி யார் என்று சொல்ல மாட்டேன், பாருங்கள்.) இதில் அஜித்தும் ஏமாறுகிறான், நாமும் ஏமாறுகிறோம். ஆனால் இரண்டு பேர் முன்னாலும் ஒரே தகவல்தான் வைக்கப்படுகிறது. 'ராஸ்தே கா காண்டா' கதையில் கிராமபோன் ஊசியால் தெருவில் ஆட்களைக் கொல்கிறார்கள். ஆயுதம் சைக்கிள் மணிக்குள் இருக்கிறது. மணிச் சத்தம் நமக்கும் கேட்கத்தான் செய்கிறது. அஜித் தப்புத் தப்பாக ஊகிக்கிறான், பியோம்கேஷ் பொறுமையாகத் திருத்துகிறார். அந்தத் திருத்தத்தில்தான் நான் யோசிக்கக் கற்றுக்கொள்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. காமெரா பல இடங்களில் ஆணியடித்த மாதிரி நிற்கிறது. அரங்குகளில் ஏழ்மை தெரிகிறது. வேகத்திலும் குறும்பிலும் கரம்சந்த் ஒரு படி மேல், இன்றைக்கும். தமிழில் அதே காலத்து ஜோடிகளை நினைத்துப் பார்த்தால், சுஜாதாவின் வசந்த் கணேஷையே கிண்டலடிப்பான். பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா பரத்தை வாயால் மடக்குவாள். அவர்களிடம் போய் யாரும் "ஷட் அப்" சொல்ல முடியாது. கிட்டிக்கு அப்படி எழுதியிருந்தால் கரம்சந்த் எங்கோ போயிருக்கும்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். பாசு சாட்டர்ஜி 1986-இல் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' எடுத்தார், '12 ஆங்ரி மென்' படத்தின் இந்தி வடிவம். பையன் குற்றவாளிதான் என்று கடைசிவரை கத்துகிறவர் பங்கஜ் கபூர். "கொஞ்சம் பேசிப் பார்ப்போமே" என்று முதலில் கை தூக்குகிறவர் கே.கே. ரைனா. கரம்சந்தும் அஜித்தும் ஒரே மேஜையில்! யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரிந்தும் நான் இரண்டு தடவை பார்த்தேன்.

இதையெல்லாம் போன மாதம் வீட்டுக்கு வந்த அக்காவிடம் விளக்கினேன். திண்ணை விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பியோம்கேஷ் மூன்று எபிசோட் சேர்ந்து பார்த்தோம். சத்யவதி வரும் கதையும் அதில் ஒன்று. சுகன்யா குல்கர்னி நடித்திருக்கிறார். கேஸில் சிக்கிய அண்ணனுக்காகப் போராடுகிற பெண், பிறகு பியோம்கேஷின் மனைவி. அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே பார்த்தாள்.

"லேய், உனக்க பக்ஷி கல்யாணத்துக்கு அப்புறம் அவளக் கேஸப் பத்தி எத்தன வாட்டி பேச விட்டான்? எண்ணிப் பாத்தியா?"

எண்ணவில்லை என்றேன்.

"கிட்டி வாராவாரம் பேசுனாளே. ஷட் அப்னு சொல்லச் சொல்லப் பேசுனா. எனக்கு அவளத்தான் பிடிக்கும்."

நோட்டில் ஒரு புதுப் பக்கம் போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்ததில் அக்கா சொல்வது சரியாகத்தான் வருகிறது. இரண்டாவது பாகம், 1997-இல் வந்தது, இன்னும் பாக்கி இருக்கிறது.