மெலிந்த அருவி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து மளுக்கப்பாறை வழியாகக் காட்டுக்குள் இறங்கினால் வாழச்சால், அடுத்து அதிரப்பள்ளி அருவி. ஏப்ரலில் கிளம்பினால், "தண்ணியே இருக்காதே" என்பார்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

மழைக்காலத்தில் அருவி ஒரே வெள்ளைச் சுவர். 80 அடி உயரமும் சாரலில் கரைந்துவிடும்; லென்ஸைத் துடைத்தே பொழுது போய்விடும். கோடையில் சாலக்குடி ஆறு கிளை கிளையாகப் பிரிந்து விழும்போதுதான் கரும்பாறையின் மடிப்புகள் கண்ணில் படும். அப்போதும் அருவி ஒரே மாதிரி இருக்காது. மேலே பொரிங்கல்குத்து அணையில் மின்சாரத்துக்காகத் திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்துப் பருக்கும், மெலியும்.

ஷட்டரைப் பல விநாடி திறந்துவைத்து அருவியைப் பஞ்சுமிட்டாய் ஆக்குவது இப்போதைய மோகம். எனக்கு ஒட்டவில்லை. 1/8 விநாடி போதும்: ஓட்டமும் தெரியும், நீரின் இழையும் தெரியும். ஈரப்பாறையின் கண்கூசும் பளபளப்பைப் போலரைசர் ஃபில்டர் அடக்கிவிடும், பாறை தன் நிறத்துக்குத் திரும்பும். உச்சிவெயிலில் மட்டும் எந்தக் கருவியும் உதவாது. கேமராவைப் பையில் போட்டுவிட்டு, 'புன்னகை மன்னன்' படத்தில் வந்த பாறை எது என்று தேடும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம்.