தெருவுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு மாளிகை

லா கூர்னெவில் பாரிஸின் ஏழாம் இலக்க மெட்ரோவில் ஏறினால் எங்கும் மாறத் தேவையில்லை. சுல்லி-மோர்லான் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சென் அந்துவான் தெரு வந்துவிடும். வாகன இரைச்சல் ஓயாத அந்தத் தெருவில் 62ஆம் இலக்கம்தான் சுல்லி மாளிகை. லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும் நாளில் அப்படியே இன்னும் தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் பகலில் கட்டணம் இல்லை.

மெம் கலே என்ற பணக்காரருக்காக 1625க்கும் 1630க்கும் இடையில் கட்டிய வீடு இது. 1634இல் இதை வாங்கியவர் சுல்லி பிரபு. நான்காம் ஆன்றி மன்னரின் வலக்கையாக இருந்து நாட்டின் கருவூலத்தை நிமிர்த்திய அமைச்சர். 1610இல் மன்னர் குத்திக் கொல்லப்பட்டதும் சுல்லியின் அதிகாரமும் போயிற்று. எழுபதைக் கடந்த வயதில்தான் இங்கே குடிவந்தார். 1641இல் காலமானார்.

பாரிஸ் பிரபுக்கள் தங்கள் வீட்டைத் தெருவுக்குக் காட்டமாட்டார்கள். முன்னால் வாசல், உள்ளே முற்றம், அதற்கு அப்பால் வீடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம். குதிரை வண்டி முற்றத்துக்குள் வந்து திரும்பும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இந்த ஒழுங்கில் கட்டிய எத்தனையோ மாளிகைகள் மரே பகுதியில் உண்டு. என் மனதுக்கு இதுவே முதலாவது, காரணம் இதன் முற்றம்.

முற்றச் சுவர்களில் மேல்மாடி யன்னல்களுக்கு இடையே கல்லில் புடைத்து நிற்கும் உருவங்களைப் பாருங்கள். நிலம், நீர், நெருப்பு, காற்று என்று நான்கு பூதங்கள். அவற்றோடு இலையுதிர்காலமும் குளிர்காலமும். வசந்தமும் கோடையும் தோட்டத்துப் பக்கச் சுவரில் நிற்கின்றன. சிதம்பரத்தை ஆகாயத் தலம் என்று வணங்கி வளர்ந்த நமக்கு ஐந்தாவது பூதம் எங்கே என்று கேட்கத் தோன்றும். ஐரோப்பிய மரபில் நான்குதான். பிரதான கட்டடம் தெற்குப் பார்த்தது. அதனால் மதிய வெயிலில் ஆடை மடிப்புகளின் கீழெல்லாம் நிழல் விழுந்து கல்லுக்கு உயிர் வந்துவிடும். மேகமூட்டமான நாளில் அதே சிற்பங்கள் தட்டையாகிவிடும். வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள். படிக்கட்டின் இருபுறமும் பெண் தலையும் சிங்க உடலுமாக இரண்டு சிலைகள் காவல் கிடக்கின்றன. அவற்றின் முகத்தில் கடுமையே இல்லை.

இந்த மாளிகையின் தெருவாசலுக்கு ஒரு கசப்பான கதையும் உண்டு. 1726இல் சுல்லியின் வழிவந்த பிரபு ஒருவரின் விருந்தில் எழுத்தாளர் வோல்தேர் உணவருந்திக்கொண்டிருந்தார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வெளியே வரவழைத்து, ரோஆன் என்ற பிரபுவின் ஆட்கள் அவரைத் தடியால் அடித்தார்கள். அடிபட்டவர் உள்ளே ஓடிவந்து நியாயம் கேட்டார். விருந்து கொடுத்தவர் அசையவில்லை. கடைசியில் பஸ்தில் சிறைக்குப் போனதும் வோல்தேர்தான், அங்கிருந்து இங்கிலாந்துக்கு. யாழ்ப்பாணத்தில் படலைக்கு மேல் கூரை போட்டு, வழிப்போக்கர் இருந்து ஆறிப்போகத் திண்ணையும் கட்டிச் சங்கடப்படலை என்று பெயர் வைத்தார்கள். அந்த வாசலைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த உயர்ந்த கல்வாசலின் அழகை ரசிக்கும்போதே மனம் கொஞ்சம் உறுத்தும். எனக்கு ஒவ்வொரு தடவையும் உறுத்துகிறது. ஆனாலும் போகாமல் இருக்க முடிவதில்லை.

பிறகு பல கை மாறி, தெருப்பக்கம் கடைகள் ஏறி, வீடு உருக்குலைந்தது. 1944இல் அரசு வாங்கிப் பல ஆண்டுகள் செலவிட்டுச் செப்பனிட்டது. தேசிய நினைவுச்சின்னங்களைப் பராமரிக்கும் நிறுவனத்தின் தலைமையகம் இன்று இங்கேதான். உள்ளே இருக்கும் புத்தகக் கடையில் அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்: 17ஆம் நூற்றாண்டில் வர்ணம் தீட்டிய மர உத்தரங்கள் இன்னும் இருக்கின்றன.

வீட்டின் நடுவே போகும் நடையைக் கடந்தால் தோட்டம். அதன் கோடியில் குளிர்காலத்தில் தோடை மரங்களைப் பாதுகாக்கக் கட்டிய சிறு மாளிகை. மூலையில் ஒரு கதவு பிளாஸ் தே வோஜ் சதுக்கத்துக்குத் திறக்கிறது. பலர் சதுக்கத்தைப் பார்க்க வந்து, இந்தக் கதவால் நுழைந்து, குறுக்குவழியாகத் தெருவுக்கு இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். இரைச்சல், வாசல், முற்றம், இருண்ட நடை, பிறகு பச்சை: கட்டியவர் நினைத்த வரிசை அது. தெருவிலிருந்தே உள்ளே போங்கள்.